அதிபரவளையத்தின் இரண்டாவது கிளை

அன்புள்ள மச்சானுக்கு,

நானும் உன் தங்கையும் நலம். நீ நலமா என்று கேட்கப்போவதில்லை. போன வாரம் போனில் நீ போட்ட சத்தத்திலேயே உன் நுரையீரல் நன்றாக இருப்பது தெரிந்துவிட்டது. "இனிமே உன் வீட்டு வாசப்படி மிதிக்க மாட்டேன்டா" என்று வைத்துவிட்டாய் அல்லவா, அதற்காகத்தான் இந்தக் கடிதம். பேச்சில் நீ என்னை முடிக்க விடமாட்டாய். தாளில் குறுக்கே பேச முடியாது.

நாம் மூவரும் ஓர் அணியாகப் போன பள்ளிக்கூட வடிவியல் போட்டியின் கடைசிக் கணக்கு. இரண்டு மணிக்கூண்டுகளில் ஒரே நேரத்தில் மணி அடிக்கிறது. ஒரு மணியின் ஓசை மற்றதைவிட இரண்டு நொடி முந்திக் கேட்கும் இடங்களையெல்லாம் வரைக. எந்த மணி முந்தும் என்று கணக்கில் சொல்லவில்லை. ஆகவே விடை அதிபரவளையம், அதுவும் ஒன்றுக்கொன்று முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கும் இரண்டு கிளைகளோடு. நான் இரண்டையும் வரைந்தேன், நீ சரிபார்த்தாய், உன் தங்கை விடைத்தாளில் படி எடுத்தாள். அவள் கையில் ஒரு புள்ளிகூடப் பிசகாது என்று ஊரெல்லாம் பெருமையடித்தவன் நீயேதான். ஆனால் விடைத்தாளில் இருந்தது ஒரே கிளை, ஒரு மதிப்பெண்ணில் கோப்பை போனது. அப்படியானால் நடுவில் இருந்தவன் யார்? இதைக் கேட்டால், "நீ குடுத்ததே ஒண்ணுதான்டா!" என்று நாற்பத்தொரு வருஷமாக ஒரே பல்லவி.

நீ போனை வைத்த கோபத்தில் மேசை விளக்கைச் சுவர்ப் பக்கம் தள்ளினேன். விளக்கு மூடியின் மேல்வாய் வழியாக வெளிச்சத்தில் ஒரு வளைவு, கீழ்வாய் வழியாக ஒரு வளைவு, இரண்டு கிளையும் சுவரில் வந்து நின்றன. "பாத்தியா, வெளக்குக்குக்கூடத் தெரியுது!" என்று உன் தங்கையைக் கூப்பிட்டேன். உனக்கு அளந்து அனுப்பலாமென்று பென்சிலால் வரையத் தொடங்கினேன், கை எட்டவில்லை, ஸ்டூலில் ஏறினேன், அதற்கு ஒரு கால் குட்டை என்பது மறந்துபோயிற்று, விழாமலிருக்க அலமாரிக் கதவைப் பிடித்தேன், கதவும் என்னோடு வந்தது. சத்தம் கேட்டு ஓடிவந்த வீட்டுச் சொந்தக்காரர், தரையில் கிடந்த என்னை விட்டுவிட்டுச் சுவரைப் பார்த்தார்.

"என்ன சார் இது?"

"அதிபரவளையம்."

"எதுவா இருந்தாலும் நீங்கதான் பெயின்ட் அடிச்சுக் குடுக்கணும்."

இப்போது என் இடது மணிக்கட்டில் கட்டு. கட்டுப் போடும்போது உன் தங்கை ஒரு வார்த்தை பேசவில்லை. உன்னைத் திட்டினாலே அவள் இப்படி ஆகிவிடுகிறாள். அண்ணன் பாசம்!

படுத்துக்கிடந்தபோது நம் ஞாயிற்றுக்கிழமைகள் நினைவுக்கு வந்தன. உங்கள் முன்னறையில் இரும்பு பீரோவின் கதவுதான் நமக்குக் கரும்பலகை. ஒரே கவராயத்துக்கு மூன்று கைகள் இழுக்கும். நீள்வட்டம் வரைய உன் அம்மாவின் தையல் நூலை எடுத்து, சாப்பாட்டு மேசையில் இரண்டு இரண்டு ஊசியாகக் குத்திக் குத்தி, "இது மேசையா, சல்லடையா?" என்று அவர் கேட்டதும் நீ என்னைக் காட்டினாய், நான் உன்னைக் காட்டினேன். உன் தங்கை எனக்கு மட்டும் பென்சில் சீவித் தருவாள். உன்னுடையதை நீயே சீவிக்கொள்வாய். அந்த அறையில் இருந்ததுபோல் சந்தோஷமாக நான் பிறகு எங்கும் இருந்ததில்லை, மச்சான். கோப்பை கிடக்கட்டும். இந்த வயதில் நீ சொன்னபடியே வராமல் இருந்துவிடுவாயோ என்றுதான் பயமாக இருக்கிறது. தப்பை ஒப்புக்கொண்டு ஒரு வரி எழுது, நானே வந்து அழைத்து வருகிறேன்.

உன் வீட்டில் எல்லோருக்கும் என் அன்பு. உனக்கு நல்ல புத்தியும் நீண்ட ஆயுளும், இதே வரிசையில், கிடைக்கட்டும்.

இப்படிக்கு,
தப்பே செய்யாத உன் மைத்துனன்

பி.கு.: அண்ணா, உறையை ஒட்ட இவர் பசை தேடிக்கொண்டிருக்கிறார், அதற்குள் எழுதுகிறேன். நீ என்னிடம் கொடுத்த தாளில் இரண்டு கிளையும் இருந்தன. ஒன்றை விட்டது நான், தெரிந்தேதான் விட்டேன். ஜெயித்திருந்தால் அடுத்த சுற்றுக்கு நீங்கள் இருவரும் வெளியூர் விடுதிக்குப் போயிருப்பீர்கள், அங்கே பெண்களுக்கு இடமில்லை. தோற்றால் மறு வருஷப் போட்டிக்குத் தயாராக இவர் ஞாயிறு தவறாமல் நம் வீட்டுக்கு வருவார். அவ்வளவுதான் யோசித்தேன். கல்யாணத்துக்குப் பிறகு சொல்லலாம் என்றிருந்தேன். நீங்கள் இருவரும் என் கையைப் புகழ்ந்தே வாயை அடைத்துவிட்டீர்கள். இவரிடம் நான்தான் சொல்ல வேண்டும், தனியாகச் சொல்லப் பயமாக இருக்கிறது. வந்துவிடு அண்ணா. நீ பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் சொல்லிவிடுவேன்.