சாமந்தா பாபு வழங்கிய கையெழுத்துத் தீர்ப்பு

இந்தியத் திருநாட்டைத் தாங்கி நிற்பது இமயமலையோ எல்லைப் படையோ அல்ல. பழைய ரூபாய் நோட்டின் அடியில் கிடக்கும் கையெழுத்துதான். இந்த மாபெரும் உண்மையைக் கல்கத்தா ஷியாம்பஜாரில் இருந்தபடியே கண்டுபிடித்தவர் நிருபம் சாமந்தா. கண்டுபிடித்த நாள் முதல் அவருக்கு வேறு வேலை ஓடவில்லை. எந்த ரிசர்வ் வங்கி கவர்னர் பேனாவை அழுத்தினார், எவர் கடைசி எழுத்தை விழுங்கினார் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி.

மனைவி கேதகிக்கு இரண்டு கண்ணிலும் புரை. டாக்டர் ஆபரேஷனுக்கு நாள் குறிப்பார். அன்று பார்த்து எங்காவது நோட்டு ஏலம் வந்துவிடும். கண்ணா, ஆராய்ச்சியா? நிருபம் பெருந்தன்மையோடு ஆராய்ச்சியின் பக்கம் நின்றார். முள் தெரியாமல் தொண்டையில் குத்தியதில் கேதகி ஹில்சா மீனையே விட்டுவிட்டாள். வங்காளிக்கு அதைவிடப் பெரிய துக்கம் கிடையாது. அதையும் அவர் கவனிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நோட்டுச் சேகரிப்பாளர் சங்கம் கூடியது. அங்கே ஒரு புனித விதி உண்டு. காகிதத்தில் எழுதியிருப்பதைப் படிக்கக் கூடாது. படித்தால் 'நடுநிலை' கெட்டுவிடும். ஆகவே மற்றதை அட்டையால் மூடிவிட்டுக் கையெழுத்தை மட்டும் லென்ஸில் பார்ப்பார்கள். பெயர் சொல்ல விரும்பாத ஒருவர் கொடுத்தது என்று செயலாளர் தாராபத நியோகி ஒரு சீட்டை அப்படி மூடி நீட்டினார்.

நிருபம் பொரி மெல்வதைக்கூட நிறுத்திவிட்டுப் பார்த்தார்.

"இவன் கவர்னரே இல்ல. பேரு பாதியில நிக்குது, வாலு மட்டும் நீளுது. போடும்போதே மனசு வாசப்படியத் தாண்டிருச்சு. மேல என்ன சத்தியம் பண்ணியிருந்தாலும் இவன் காப்பாத்த மாட்டான்."

சங்கம் கை தட்டியது. பின்வரிசையிலிருந்து நாற்காலிகளைத் தடவியபடி வந்த கேதகி அட்டையை உருவினாள். 'வரும் செவ்வாய்க்கிழமை உன்னைக் கண் ஆஸ்பத்திரிக்குக் கட்டாயம் கூட்டிப்போகிறேன்' என்றிருந்தது. வாயால் சொன்னால் மறந்துவிடுகிறாரே என்று அவள் எழுதி வாங்கிய சீட்டு. அவசரத்தில் கிறுக்கிய சொந்தக் கையெழுத்தை அவர் லென்ஸில் பார்ப்பது அதுவே முதல் தடவை.

நிருபம் லென்ஸைக் கீழே வைத்தார். வீட்டிலேயே காட்டியிருக்கலாமே என்று முணுமுணுத்தார்.

"வீட்டுல நீங்க எதைப் பார்த்தீங்க? அதான் நிபுணர்கிட்ட கொண்டுவந்தேன்" என்றபடி கைப்பையிலிருந்து அதேபோன்ற இன்னும் பதினாறு சீட்டுகளை மேசையில் போட்டாள்.

செயலாளர் உதட்டைப் பிதுக்கினார். "ஒரே கையெழுத்து இத்தனை இருந்தா ஒண்ணுக்கும் பெறாது, அண்ணி."

"தெரியும், நியோகி பாபு. நாளைக்குக் காலையில ஆபரேஷன். படிவத்துல நானே கையெழுத்துப் போட்டுட்டேன். அது ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு."