கையேட்டின் இருபத்து மூன்றாவது படி

1991 நவம்பர் 12, செவ்வாய்க்கிழமை, காலை ஒன்பதே கால். மழை தூறிக்கொண்டிருந்தது. ஸ்ரீபெரும்புதூரில் பம்பு உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையில், மேலாளர் என்னை நிபுணன் என்று நம்பி டீ வரவழைத்துக் கொடுத்திருந்தார். இரண்டு மடக்குதான் குடித்திருப்பேன்.

அப்போது நான் மண்ணூர்ப் பக்கம் வேறொரு தொழிற்சாலையில் ஸ்டோர்ஸ் குமாஸ்தா. என் நண்பர் தேவராஜ், சரக்கு இருப்பைக் கணக்கிட ஒரு கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதி, கேட்டவர்களுக்கெல்லாம் பிளாப்பியில் இலவசமாகக் கொடுத்துவந்தார். யாரும் நகலெடுக்கலாம், திருத்தலாம்; திருத்தியதில் அவருக்கு ஒரு நகல் அனுப்ப வேண்டும், அவ்வளவுதான். அதை இயக்குவது எப்படி என்று மட்டும் அவர் எழுதவே இல்லை. எனக்குப் புரோகிராம் எழுதத் தெரியாது. என் பங்குக்குக் கையேடு எழுதினேன். பதினோரு பக்கம், முப்பத்தெட்டு படிகள். எங்கள் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து, நான் செய்ததையெல்லாம் ஒன்று விடாமல் எழுதினேன். (ஒன்றை விட்டிருக்கலாம்.) தேவராஜ் படிக்காமலே பாராட்டிவிட்டுப் பதினான்கு தொழிற்சாலைகளுக்கு அனுப்பினார்.

இருபத்து மூன்றாவது படி இது: 'பெட்டியின் இடது பக்கத்தில் உள்ளங்கையால் இருமுறை பலமாகத் தட்டவும்.'

எங்கள் கம்ப்யூட்டர் பழையது. அந்த இடத்தில் மக்கர் செய்யும், தட்டினால் ஓடும். எட்டு மாதம் தட்டித் தட்டி, அதுவும் புரோகிராமில் சேர்ந்தது என்றே நினைத்துவிட்டேன்.

இந்த ஸ்ரீபெரும்புதூர் தொழிற்சாலையில் ஸ்டெல்லா என்ற பெண் புத்தம்புதுக் கம்ப்யூட்டரைத் தட்டியிருந்தாள். உள்ளேயிருந்த டிஸ்க் போய்விட்டது. அவள் வேலை நிரந்தரமாக இன்னும் பத்தொன்பது நாள். ஓவர்டைம் கொடுக்காத கோபத்தில் அடித்துவிட்டாள் என்று, அன்றே வீட்டுக்கு அனுப்ப மேலாளர் முடிவு செய்திருந்தார். என்ன கோளாறு என்று பார்த்துவரத்தான் தேவராஜ் என்னை அனுப்பியிருந்தார்.

"இது இன்னாம்மா, கம்ப்யூட்டரா, தேங்காயா, தட்டிப் பாக்க?" என்றார் மேலாளர்.

"நானா இன்னாத்துக்கு சார் அடிக்கப் போறேன்? பொஸ்தகத்துல எழுதிகீது. மொதல்ல மெதுவாத்தான் தட்னேன். அப்புறம் பாத்தா, பலமான்னு போட்டுகீது."

மேலாளர் கையேட்டை என் பக்கம் தள்ளினார். "எந்த மடையன் சார் இத எழுதனது?"

அட்டையில் பெயர் இல்லை. (அடக்கமாம்.) வாயை மூடிக்கொண்டிருந்தால் டீயை முடித்துவிட்டுப் போயிருக்கலாம். ஸ்டெல்லா அழவில்லை, அந்தப் பக்கத்தில் விரலை வைத்தபடியே நின்றாள்.

"நான்தான் சார்" என்றேன்.

மேலாளர் என் டீயைப் பார்த்தார். நான் கிளாஸைக் கீழே வைத்தேன்.

ஸ்டெல்லாவின் வேலை தப்பியது. மீதி முப்பத்தேழு படிகளையும் அவளே செய்துபார்த்து, இன்னும் ஆறு பிழைகளைக் கண்டுபிடித்துத் திருத்தி அனுப்பினாள். பதினான்கு இடங்களுக்கும் மன்னிப்புக் கடிதம் எழுதினேன். இரண்டு இடங்களிலிருந்து, தட்டாவிட்டால் தங்கள் கம்ப்யூட்டரும் ஓடுவதில்லை என்று பதில் வந்தது.

இன்றும் நான் மளிகைப் பட்டியல் எழுதிக் கொடுத்தால்கூட, "எங்க தட்டணும்ப்பா?" என்கிறாள் என் மகள்.

டிஸ்க், தபால், பஸ் எல்லாம் சேர்த்து அன்று என் கையிலிருந்து போனது மூவாயிரத்து இருநூற்றுப் பதினெட்டு ரூபாய் ஐம்பது காசு.