சின்னப்பொண்ணு மூஞ்சியில் விழுந்த கோடு

களமருதூர்,
ஞாயிற்றுக்கிழமை

அன்புப் பேரன் இளமாறனுக்கு, உன் ஆயா இருசம்மாள் ஆசீர்வாதத்துடன் எழுதுவது. இங்கு நான், இரண்டு கோழி, நீ வாங்கிக் கொடுத்த பிரிண்டர், ஆக நால்வரில் மூவர் நலம். ஓசூரில் உன் நலமும், உன் கம்பெனியில் லீவு எப்போது தருவார்கள் என்பதும் அறிய ஆவல்.

விஷயம் என்னவென்றால், நான் அஞ்சாவது படித்தபோது எடுத்த கருப்பு வெள்ளை குரூப் போட்டோவை நீ பார்த்திருப்பாய். உள்ளங்கை அளவுதான். அதில் நிற்கிற பதினோரு பேரில் இன்றைக்கு இருப்பது நானும், மகன் வாத்தியாராக இருக்கும் வெள்ளிமலைக்கே குடிபோன சின்னப்பொண்ணும்தான். அவளுக்கு ஒரு படம் அனுப்பலாமென்று போட்டோவை பிரிண்டர் கண்ணாடிமேல் கவிழ்த்து, நீ சொல்லிக்கொடுத்தபடி பெருசாக்கி, கருப்பு பட்டனை அமுக்கினேன். பளபளன்னு தாள்ல எல்லாரும் வந்தோம். கூடவே மேலேருந்து கீழ வரைக்கும் ஒரு வெள்ளக் கோடும் வந்திருக்குது, அவசரத்துல நா கவனிக்கல. பக்கத்து வூட்டுப் பையன் பாவாடை கரும்பு லோடோட கள்ளக்குறிச்சி போறவன், அவங்கிட்ட குடுத்து வெள்ளிமலை பஸ் கண்டக்டர் கையில சேத்துட்டேன்.

மறுநா சாயங்காலம் சின்னப்பொண்ணு போனு. "ஏண்டி இருசா, அஞ்சாவதுல நீ லீடரா இருந்தப்ப, பேசினவங்க பேருன்னு போர்டுல என் பேர எழுதி அடி வாங்க வெச்ச. அறுவது வருசம் கழிச்சி மூஞ்சி மேலயே கோடு போட்டு அடிச்சிட்டியா?"

"அடியே, அது மிஷின் போட்ட கோடுடி!"

"மிஷினுக்கு பத்து மூஞ்சிய வுட்டுட்டு என் மூஞ்சிதான் கெடச்சிதா?"

டப்புனு வெச்சிட்டா. பன்னெண்டு நாளாச்சி, நா போன் போட்டா அவ எடுக்கறதில்ல. தெனம் வெளக்கு வெக்கற நேரத்துக்குக் கூப்ட்டு "இன்னாடி கொழம்பு?"ன்னு கேக்கறவ. இப்ப கேக்க ஆளில்லன்னு நானும் கொழம்பு வெக்கறதில்ல, சோத்துல மோர ஊத்திக் குடிச்சிட்டுப் படுத்துக்கறேன்.

பிரிண்டர் கம்பெனி நம்பருக்குப் போட்டேன். ஒரு பொண்ணு எடுத்தா, தங்கமான கொரலு. கலர் படத்துல இந்தக் கோடு அவ்வளவா தெரியாதும்மா, கருப்பு வெள்ளைன்னா காட்டிக் குடுத்துடும்னா. சோதனைத் தாள் அடிக்கச் சொன்னா, அடிச்சேன், ஒரு கட்டமும் வுட்டுப் போவல. கிளீனிங் குடுக்கச் சொன்னா, மூணு வாட்டி குடுத்தேன், இங்க்தான் கம்மியாச்சி, கோடு கம்மியாவல. தாளத் திருப்பிப் போட்டுப் பாத்தேன், மை காயாம கையெல்லாம் ஒட்டிக்கிச்சி. பாவாடை வந்து எட்டிப் பாத்துட்டு "லோ வோல்டேஜ் ஆயா"ங்கறான். மோட்டார் ஓடலன்னாலும் அதான் சொல்லுவான், எனக்கு முட்டி வலின்னதுக்கும் அதான் சொன்னான். கடைசியில அந்தப் பொண்ணு "வேற ஏதாவது உதவி வேணுங்களாம்மா?"ன்னு கேட்டா பாரு, என்ன யாரும் அப்படிக் கேட்டு எத்தினி நாளாச்சோ. "வேணும்மா, வெள்ளிமலைக்கு ஒரு போன் போட்டு, இருசம்மா கோடு போடலன்னு சொல்லு"ன்னேன். "அது எங்க சிஸ்டத்துல இல்லீங்கம்மா"ன்னுட்டா.

ஆகவே கண்ணு, நீ உடனே லீவு போட்டு வரவும். வரும்போது கருப்பு இங்க் வாங்கி வரவும். இங்க் கெடைக்கலன்னா நீ மட்டுமாவது வரவும்.

வேளைக்குச் சாப்பிடு. வண்டிய மெதுவா ஓட்டு, நம்ம மாரியம்மா உன் பின் சீட்டுலயே உக்காந்து வருவா.

இப்படிக்கு,
உன் ஆயா இருசம்மாள்
(ஐந்தாம் வகுப்பு, முதல் ரேங்க்)

பி.கு.: கவர ஒட்டறதுக்கு முன்ன பிரிண்டர் மூடியத் தொறந்து பாத்தேன். உள்ள இங்க் டப்பி போயி வர வழியில குறுக்கால கண்ணாடி மாதிரி ஒரு நாடா ஓடுது. ஆயுத பூஜையன்னிக்கு அதுக்கும் பொட்டு வெச்சது நான்தான். சந்தனம் அப்படியே காஞ்சி கெடக்குது. அந்த எடம் வந்தாலே மிஷினுக்குக் கண்ணு மறைச்சி கோடு வுட்டிருக்குது. ஈரத்துணியால தொடச்சிட்டு அடிச்சேன், கோடு போயே போச்சி. கோடு இருந்த மூஞ்சிய இப்பதான் நல்லா பாத்தேன். ஒரு காதுலதான் கம்மல் இருக்குது. இன்னொண்ண ஏரியில தொலைச்சிட்டு வந்து எங்க அம்மாகிட்ட அடி வாங்கினது நானு. கோடு வுழுந்தது என் மேல. அவளுக்கும் தெரியல, எனக்கும் தெரியல. போன்ல சொல்லலாம்னா எடுக்க மாட்டா. நாளைக்கு மொத பஸ்ல படத்த எடுத்துக்கினு வெள்ளிமலைக்கு ஏறிடறேன். நீ வர வேணாம். மலைய வுட்டு எப்ப எறங்குவேன்னு தெரியாது, வூடு பூட்டித்தான் கெடக்கும்.