கேட்காத காதை ஒதுக்கிய தரகர்

போன வாரம் எரிவாயு உருளை பதியப் போன் செய்தேன். "சத்தத்திற்குப் பிறகு பேசுங்கள்" என்றது ஒரு குரல். பிறகு அந்த 'டுங்'. ஊசிமுனையளவு சத்தம்தான், உள்ளே போய் ஒரு ஆளையே எழுப்பிவிட்டது. தரகர்!

மனிதர்களைவிட எந்திரங்களிடம் அதிகமாக நலம் விசாரித்த ஆள் மதுரை மண்ணில் அவர் ஒருவர்தான். எழுமலைக்காரர். சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலுக்கு மட்டுமே தெரியும்.

ஆனையூரில் ஒரு பெயிண்ட் கடை மாடியில் எங்கள் அலுவலகம். ஒரு மருத்துவமனைக்கு வருகிற அழைப்புகளை எந்திரமே எடுத்து, பேசி, டாக்டரைப் பார்க்க நேரம் பதிந்து கொடுக்கும். அது பேச வேண்டிய வாக்கியங்களை எழுதுவது நான். நோயாளி சொல்வதைக் கேட்டுப் புரிந்துகொள்ள நான்கு கணினிகள். அவற்றைக் காதுகள் என்போம். பதில் பேச இரண்டு, அவை வாய்கள். நடுவில் ப்ராக்ஸி சர்வர் என்று ஒன்று. ஓயாமல் ஒவ்வொன்றையும் 'இருக்கியா?' என்று கேட்கும். 'இருக்கேன்' என்றவற்றுக்கு அழைப்புகளை வரிசையாகப் பிரித்துக் கொடுக்கும். பதில் வராததை ஒதுக்கிவிடும். இந்தப் பெண்ணுக்கு இந்த மாப்பிள்ளை என்று சேர்த்துவைக்கிற வேலை. அதைப் பராமரித்ததால் அவர் தரகர். மத்தியானச் சாப்பாட்டுக்கு எனக்குத் துணையும் அவர் மட்டும்தான்.

வேலை அவர் ரத்தத்தில் ஊறிவிட்டது. சோழவந்தானில் நண்பர் ஒருவரின் கல்யாணம். ரசம் ஊற்றுகிற இருவரும் ஒரே வரிசையில் நிற்க, எதிர் வரிசை இலைகள் காய்ந்தன. தரகர் பொறுப்பாரா? "அண்ணே, நீங்க அந்தப் பக்கம். மாப்ள, நீ இங்கிட்டு." பந்தி வாய்க்கால் தண்ணீராக ஓடியது. பெண்ணின் தாய்மாமன் இவரைச் சமையல் காண்ட்ராக்டர் என்றே முடிவுகட்டி, "கூட்டுல உப்பு எங்கய்யா?" என்று பிடித்துக்கொண்டார். தரகர் மறுக்கவில்லை. "அடுத்த பந்தியில சரியாயிரும்ணே" என்று உப்புத் தேடிப் போய்விட்டார்.

தினமும் காலையில் ஒவ்வொரு காதுக்கும் தனித்தனியாகப் போன் போட்டு எழுமலைப் பேச்சில் பேசிப் பார்ப்பார். "ஏத்தா, முட்டுவலி டாக்டரு எப்ப வருவாரு? எம்புட்டு நேரந்தான் யோசிப்ப?"

மேனேஜருக்குப் பொறுக்கவில்லை. "ஸ்கிரீன்ல நாலும் பச்சையா இருக்குல்ல? அப்புறம் என்னய்யா கொஞ்சல்?"

"பச்சைன்னா உசுரு இருக்கு சார். காது கேக்குதான்னு பேசிப் பாத்தாத்தான தெரியும்?"

"நாளைலருந்து அது வேணாம்."

அந்த நாளையில்தான் மருத்துவமனை நிர்வாகி அம்மாள் வந்தார். சேவை தொடருமா என்பதை நேரில் சோதித்து முடிவெடுப்பார். வேண்டாம் என்றால் எங்கள் ஆறு பேருக்கும் வேலை போகும். ஸ்பீக்கரில் போட்டு அழைத்தார். முதல் இரண்டும் அருமை. மூன்றாவதில், "மன்னிக்கவும், நீங்கள் சொன்னது கேட்கவில்லை" என்றது எந்திரம். என் வாக்கியம் எனக்கே கசந்தது.

"சிக்னல் சரியில்ல மேடம்" என்றார் மேனேஜர்.

அடுத்த மூன்றும் நன்றாகப் போயின. ஏழாவதில் மறுபடியும் "மன்னிக்கவும்".

தரகர் என்னிடம் முணுமுணுத்தார். "மூணாவது காதுண்ணே. இருக்கேன் இருக்கேங்குது, ஒண்ணையும் கேக்க மாட்டேங்குது." எழுந்து கணினியை நோக்கி நடந்தார். மேனேஜர் பல்லைக் கடித்தபடி குறுக்கே வந்தார். "தொடாத! சிவப்பு விழும், அந்தம்மா பாக்குது."

தொட்டார். நான்கு பச்சையில் ஒன்று சிவப்பானது.

"என்ன அது?" என்றார் அம்மாள்.

"அதுக்குக் காது கேக்கலம்மா. ஒதுக்கி வச்சுட்டேன். இனி அந்தப் பக்கம் யாரும் போக மாட்டாக. இப்பப் பேசிப் பாருங்க."

எட்டு முறை பேசிப் பார்த்தார். எட்டும் கேட்டது. சிவப்பையும் தரகரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"எங்க ஆஸ்பத்திரியிலயும் இப்படி ஒரு டாக்டர் இருக்கார். சீட்டுல இருப்பார், சொல்றதக் கேக்க மாட்டார். அவரையும் ஒதுக்கித் தருவீங்களா?"

சேவை தொடர்ந்தது. கூடவே ஒரு கோரிக்கை: கூட்டம் நெரிகிற ஆஸ்பத்திரி வரவேற்பறைக்கு உங்கள் தரகரை விட்டுக்கொடுங்கள். மேனேஜர் ஒரு வாரம் யோசித்தார். ஆறு பேர் வேலையைக் காப்பாற்றியவரை மறுக்க வழியில்லாமல் விட்டுக்கொடுத்தார்.

கடைசி நாள், பெயிண்ட் கடை வாசலில் வண்டியைக் கிளப்பினார். எந்திரத்தின் வாய்க்கு வாக்கியம் எழுதுகிறவனுக்குத் தன் வாய்க்கு ஒன்றும் அமையவில்லை. அவர் பையை எடுத்து வண்டியில் மாட்டினேன். அவர் வண்டியை அணைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"இனிமே மத்தியானம் தனியா உக்காந்து சாப்புடாதீங்கண்ணே. வாரேன்."