துப்பு

மூன்றாம் நாளும் இட்லியில் ரத்தம். இட்லியைக் கடித்து ஈறில் காயம்பட்ட ஒரே தமிழாசிரியர், தேவாரம் ஊரில் அருளப்பனாகத்தான் இருப்பார்.

பள்ளிக்கூடத்துக்கு வந்த பல் முகாமில் டாக்டர் ஒரு டப்பியைக் கொடுத்தார். காலையில் பல் விளக்குமுன் அதில் எச்சில் துப்பி எடுத்து வரவேண்டும். ஈறு நோய் எவ்வளவு முற்றியிருக்கிறது என்பதை எச்சிலில் இருக்கும் பாக்டீரியாவும் வேறு சில அடையாளங்களும் காட்டிக்கொடுத்துவிடும் என்றார். காட்டிக்கொடுக்கும் என்றதும் வேதக்காரரான அருளப்பனுக்கு யூதாஸ் ஞாபகம் வந்தது.

டப்பியில் பெயர் எழுதி ஒட்டிய முகாம் நர்ஸ் கிளாரா அவரிடம் படித்தவள். ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சத்துக்கு உதாரணம் சொல்லத் தெரியாமல் ஒரு பீரியடு முழுக்கப் பெஞ்சு மேல் நின்றவள்.

நோய் என்று தெரிந்தால் பல்லைப் பிடுங்கிவிடுவார்கள் என்று அருளப்பன் தானாகவே முடிவு கட்டினார். முன்பல் போனால் 'த' வராது. தமிழில் 'த' போனால் மிச்சம் 'மிழ்'. ஓய்வுபெற இன்னும் நாலு வருஷம் கிடக்கிறது.

டெஸ்டுக்கு முன்னால் ஈறைச் சரிக்கட்டிவிடலாமென்று கல்லுப்பு வைத்துத் தேய்த்தார். ரத்தம் இரண்டு மடங்கானது. அதை நிறுத்தக் கிராம்புத் தைலத்தைப் பஞ்சில் நனைத்து அதக்கினார். ஈறு வெந்து, கன்னம் பன்னு மாதிரி உப்பியது.

கடைசியில் டப்பியோடு அடுப்படிக்குப் போனார். மனைவி ஞானசெல்வி கரும்பைப் பல்லாலேயே உரிப்பவர்.

"செல்வி, இதுல கொஞ்சம் துப்பேன்."

"இருவத்தாறு வருசமாத் துப்பணும்னுதான் இருக்கு. நீங்க இன்னைக்குத்தான் கேக்கிறீக."

டப்பி தாராளமாகவே நிறைந்தது.

இரண்டாம் நாள் முகாமில் ரிசல்ட். வாசல்வரை கூட்டம். டாக்டர் காகிதத்தைவிட்டுத் தலை நிமிரவில்லை.

"நெகட்டிவ். கெட்ட பாக்டீரியா ஏறுனவங்களுக்குத்தான் ஈறைச் சுத்தம் பண்ணி, பல்லைக் காப்பாத்திக் குடுக்கிறோம். உங்களுக்கு அது தேவையில்ல சார்."

பிடுங்க அல்ல, காப்பாற்றத்தான் டெஸ்டாம். 'தவறு' என்று சொல்ல அருளப்பன் வாயைத் திறந்தார். இருந்த வீக்கத்தில் 'வறு' மட்டும்தான் வந்தது.

"வறுத்தது வேண்டாம் சார், அவிச்சே சாப்பிடுங்க" என்று டாக்டர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

கிளாரா அவர் கன்னத்தைப் பார்த்தாள். ரிசல்ட்டைப் பார்த்தாள். மேசைக்கு அடியில் ஒரு புது டப்பியை அவர் கையில் திணித்தாள்.

"அன்னைக்குப் பெஞ்சு மேல நிக்க வச்சு உதாரணம் கேட்டீகளே சார், இப்பத்தான் கெடச்சது. ஈறு கெட்டிருக்கு, ரிசல்ட் எதிர்மறை."