திருப்பிக் கொண்டுபோன டிவி

விழுப்புரத்தில் உட்கார்ந்த நாற்காலியை விட்டு எழாமல், திண்டிவனத்தில் இருந்த கம்ப்யூட்டருக்கு ஓ.எஸ். போட்டவன் நான்.

சரி, பொய். எழுந்தேன். பஸ்ஸும் ஏறினேன். மடியில் ஒரு டிவி வேறு.

எட்டாவதோடு பள்ளிக்கூடம் என்னைக் கைவிட்டது. (நான்தான் விட்டேன்னு ஊருல சொல்லி வச்சிருக்கேன்.) கம்ப்யூட்டர் ரிப்பேர் கடையில் நின்று, பார்த்துப் பார்த்துத் தொழில் கற்றேன். அப்போது எனக்கும் செல்விக்கும் நிச்சயம் முடிந்திருந்தது. திண்டிவனத்தில் பெயிண்ட் கடை வைத்திருந்த அவள் அப்பாவுக்கு, மாப்பிள்ளை படிக்கவில்லையே என்று உள்ளுக்குள் உறுத்தல். கடைக்குப் புதிதாக ஒரு கம்ப்யூட்டர் பெட்டி வாங்கியிருந்தார். அதில் ஓ.எஸ். இல்லை; அந்தச் சாஃப்ட்வேர் ஏறாத பெட்டி வெறும் தகரம். மானிட்டரும் கீபோர்டும் இன்னும் வந்து சேரவில்லை.

"அதெல்லாம் எதுக்கு மாமா? நான் இங்கிருந்தே போட்டுடறேன்" என்றேன். என் மரியாதையே அந்தப் பெட்டியில்தான் இருந்தது.

வேண்டியதையெல்லாம் ஒரு பென் டிரைவில் ஏற்றி, பஸ் கண்டக்டரிடம் கொடுத்தனுப்பினேன். வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு மாமா அதைச் செருகி, கடை இன்டர்நெட் வயரையும் மாட்டி, பெட்டியை ஆன் செய்தார். என் லேப்டாப்பில் பெட்டி சிக்கியது. ஓ.எஸ். ஏறத் தொடங்கியது. காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன். பத்தரைக்கு எல்லாம் நின்றது.

போன் போட்டேன்.

"நான்தான் ஆஃப் பண்ணேன் மாப்ள. ராகு காலம் வந்துடுச்சு."

"பாதியில நிறுத்தக் கூடாது மாமா."

"புதுப் பொருளுங்க. பன்னெண்டுக்கு மேல போடறேன். எங்க ஓடிடப் போவுது?"

பன்னிரண்டுக்குப் போட்டார். பாதி ஓ.எஸ்ஸை விழுங்கிய பெட்டி, என் லேப்டாப்புக்குப் பதிலே சொல்லவில்லை. என்ன கோளாறு என்று பார்க்கத் திரை வேண்டும். நான் வேலை பார்த்த கடையின் மானிட்டரை முதலாளி தரமாட்டார். வீட்டில் ஒரு டிவி இருந்தது. கல்யாணச் சீராக மாமா முன்கூட்டியே அனுப்பிய டிவி. அதையே மாட்டிக்கொள்ளலாம் என்று, வந்த அட்டைப்பெட்டியிலேயே திரும்ப வைத்து, ஒரு கீபோர்டையும் செருகிக்கொண்டு கிளம்பினேன். (சொல்லாம போயி அசத்தணுமாம். மூளை.)

மாமாவுக்குக் கடையும் வீடும் ஒரே இடம். ஆட்டோவிலிருந்து நான் இறங்கியதை வாசலில் நின்ற அத்தை, செல்வியின் அம்மா, பார்த்தார். அட்டைப்பெட்டியில் அவர் கையால் வைத்த மஞ்சள் குங்குமம் அப்படியே இருந்தது.

"செல்வி, சீரைத் திருப்பி எடுத்துக்கினு வந்துட்டாருடி" என்று அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

"நேத்துகூட ரெண்டு பேரும் போன்ல சிரிச்சிப் பேசிக்கினு இருந்தாங்களே" என்றார் பக்கத்து வீட்டம்மா, வசதியாகச் சுவரில் சாய்ந்துகொண்டு.

மாமா ஓடி வந்தார். பெயிண்ட் கையோடு என் கையைப் பிடித்தார். "மாப்ள, ஒரு சுவிட்ச் ஆஃப் பண்ணதுக்கா இப்டி? இனிமே நான் எதையுமே ஆஃப் பண்ணலீங்க."

செல்விதான் வெளியே வந்து, அழுகையை அடக்கிக்கொண்டு கேட்டாள்: "என்னாத்துக்கு இது?"

"கம்ப்யூட்டர்ல மாட்டிப் பாக்க."

"மானிட்டரு வேணாம்னு சொன்னது யாரு?"

"நான்தான்."

அவள் டிவியை வாங்கி உள்ளே வைத்த பிறகுதான் எனக்குத் தண்ணீரே கொடுத்தாள்.

இன்றைக்கும் அரை கிலோ மல்லாட்டை (வேர்க்கடலைதான்) பொட்டலத்தோடு போனாலும் மாமா, "என்னா மாப்ள, திருப்பிக் குடுக்கறதுக்கா?" என்பார். அது கிடக்கட்டும். அன்று டிவியை மாட்டியதும் திரையில் முதலில் வந்தது என்னவென்றால்...

"ஏங்க, எங்கப்பா லைன்ல இருக்காரு. கடை கம்ப்யூட்டரு மறுபடியும் நின்னுபோச்சாம். ஜல்தியா கெளம்புங்க." செல்விதான். "டிவியை மட்டும் இங்கியே வச்சிட்டுப் போங்க."