சோங்கிங்கில் பந்தி அண்ணன்

பந்தி அண்ணனைப் போல் தனியாகச் சாப்பிட மறுத்த மனிதர் இந்தப் பூமியில் இதற்கு முன் பிறந்ததில்லை, இனிமேலும் பிறக்கப்போவதில்லை. ஊரே பட்டினி கிடந்தால் கூடவே உட்கார்ந்து பட்டினி கிடப்பார். ஆனால் தன்னந்தனியாக உட்கார்ந்து அரை இட்லி சாப்பிடுங்கள் என்றால், ஏதோ கெட்ட வார்த்தை கேட்டவர் போல நம்மைப் பார்ப்பார்.

நிஜப் பெயர் என்று ஒன்று கம்பெனி அடையாள அட்டையில் இருந்தது. அட்டையை அவர் எப்போதும் திருப்பியே மாட்டியிருந்ததால் எங்களுக்கு அவர் பந்தி அண்ணன்தான். கர்நாடகத் தலைநகரின் அடுகோடியில், பிஸ்கட்டையும் மாத்திரையையும் பெட்டியில் அடைக்கிற மெஷின் செய்யும் கம்பெனி எங்களுடையது. அதில் அவர் சீனியர் ஃபிட்டர். மர்பி டவுனில் பிறந்து வளர்ந்தவர் என்பதால் ஒரே வாக்கியத்தில் தமிழில் ஏறி, கன்னடத்தில் பஸ் மாறி, உருதுவில் இறங்குவார். காலை ஒன்பது மணிக்குப் பார்த்தாலும், "ஊட்டா ஆச்சா?", அதாவது சாப்பாடு ஆச்சா என்பதுதான் அவருடைய குட்மார்னிங்.

மதியம் ஒரு மணி ஆனால் போதும், டிபன் டப்பாவைத் தட்டிக்கொண்டே ஷெட்டைச் சுற்றுவார். "ஏய், வாங்கப்பா! சோறு ஆறுது! ஜல்தி!" ஒருநாள் மேனேஜர் முக்கியமான மீட்டிங்கில் இருந்தார். பந்தி அண்ணன் கதவைத் திறந்து தலையை மட்டும் நீட்டி, "சார், மீட்டிங் ஓடிப்போகாது, சாம்பார் ஆறிப்போயிடும்" என்றார். வாடிக்கையாளர்கள் சிரித்துக்கொண்டே எழுந்து வந்துவிட்டார்கள். வேறு வழியில்லாமல் மேனேஜரும் வந்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவருக்கு மட்டும் டியூட்டி. ஷெட்டில் ஈ, காக்கை இல்லை. டப்பாவைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போய் செக்யூரிட்டியைக் கூப்பிட்டாராம்.

"நான் அப்பவே சாப்ட்டேன் அண்ணா."

"நீ ஒண்ணும் சாப்பிட வேணாம். சும்னே எதிர்ல உக்காரு."

பாவம் அந்த மனிதர், அண்ணன் கடைசிப் பருக்கையை வழித்து முடிக்கும்வரை காலித் தட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஊரடங்குக் காலத்தில் எல்லாரும் வீட்டிலிருந்து வேலை பார்த்தபோது தினமும் மதியம் வீடியோ கால் வரும். "கேமராவ ஆன் பண்ணு. தட்டைக் காட்டு. என்னப்பா, இன்னைக்கும் நூடுல்ஸா? பேஜாரா இல்ல உனக்கு?"

இதெல்லாம் சிரிப்புதான். ஆனால் அவருடைய மனைவி இறந்து சில வருஷம் ஆகியிருந்தது. ஒரே மகள் மஸ்கட்டில். அவர் ரிட்டயர் ஆகும் மாதம் நெருங்கிக்கொண்டிருந்தது. அதே சமயத்தில் கம்பெனியும் அடுகோடியைக் காலி செய்து ஓசூர் பக்கம் போவதாக முடிவாகிவிட்டது. "நாளைக்கு இந்த மனுஷன் யாரோட சாப்பிடுவார்?" என்று அவர் இல்லாத நேரத்தில் நாங்கள் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்வோம். அவர் வந்தவுடன் பேச்சை மாற்றிவிடுவோம்.

இந்த நிலைமையில்தான் சீனாவுக்குப் போகும் வாய்ப்பு வந்தது. சோங்கிங் நகரத்தில் கம்பெனி ஒரு மெஷின் வாங்கியது. கப்பலில் ஏற்றுமுன் ஓட்டிப் பார்க்க நான்கு பேரை அனுப்பினார்கள். பந்தி அண்ணன், எலக்ட்ரிகல் ஆள் நான், புரோகிராம் எழுதும் சேலத்துப் பையன் யோகேஷ், பர்ச்சேஸ் சித்ரா. சித்ரா கும்பகோணம், முட்டை போட்ட கேக்கைக்கூடத் தொடாத சைவம். அவள் பெட்டியில் பாதிக்குத் துணி, பாதிக்கு அவல்.

சோங்கிங் மாதிரி ஒரு ஊரை நான் பார்த்ததில்லை. மலைமேல் மலையாக அடுக்கிக் கட்டிய ஊர். ஒரு கட்டடத்தில் ரோட்டிலிருந்து நேராக நுழைவோம், அது பத்தாவது மாடியாக இருக்கும். லிஃப்டில் கீழே இறங்கினால் அங்கேயும் ஒரு ரோடு, அதில் ஒரு டிராஃபிக் ஜாம். மெட்ரோ ரயில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் வயிற்றுக்குள் நுழைந்து மறுபக்கம் வெளியே வருகிறது. அதைப் பார்த்துப் பந்தி அண்ணன், "அந்த வீட்டுக்காரம்மா துணி எங்க காயப்போடுவாங்க?" என்று கவலைப்பட்டார்.

முதல் நாள் காலை தெருவோரத்தில் நூடுல்ஸ். உயரமான பிளாஸ்டிக் ஸ்டூல்தான் மேஜை, குள்ளமான ஸ்டூல்தான் நாற்காலி. சிவப்பு எண்ணெயில் ஒருவகை மிளகு மிதந்தது. அது உறைப்பதில்லை, நாக்கை மரத்துப்போகச் செய்கிறது. இரண்டாவது வாயிலேயே அண்ணன் என் கையைப் பிடித்தார்.

"ஏன்பா, என் உதடு இருக்கா பாரு."

"இருக்குண்ணா."

"சரியா பாரு. ரெண்டும் இருக்கா?"

இருக்கிறது என்று மூன்று பேரும் உறுதி சொன்ன பிறகு கிண்ணத்தைக் கடைசிச் சொட்டுவரை குடித்துவிட்டு, இன்னொன்று கேட்டார்.

மெஷின் வேலை முடிந்தது. ஊர் சுற்ற மிஞ்சியது ஒரே ஒரு நாள். அன்று காலையிலேயே எங்களுக்குள் முட்டிக்கொண்டது. யோகேஷுக்கு ஆற்றின் மேல் போகும் ரோப் காரில் வீடியோ எடுக்க வேண்டும். சித்ராவோ ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஓர் இந்திய ஹோட்டலைப் போனில் கண்டுபிடித்திருந்தாள். "அவலத் தவிர வேற ஏதாவது சாப்ட்டே ஆகணும், இல்லாட்டா நான் அழுதுடுவேன்" என்றாள். எனக்குத் தூங்க வேண்டும். ஆளுக்கொரு பக்கம் போய்விட்டு சாயங்காலம் சந்திக்கலாம் என்று நான்தான் சொன்னேன்.

பந்தி அண்ணன் முகம் சுருங்கிவிட்டது. "ஊருக்குப் போனா ஆளுக்கொரு திக்குதானேப்பா. இன்னைக்கு ஒரு வேளை, நாலு பேரும் ஒரே மேஜைல உக்காரலாம். கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணுங்க."

அவர் இப்படிக் கெஞ்சி நாங்கள் கேட்டதில்லை. அட்ஜஸ்ட் பண்ணினோம். ரோப் காரிலேயே ஆற்றைக் கடந்து அந்த ஹோட்டலுக்குப் போவது என்று முடிவாயிற்று. வீடியோவும் ஆச்சு, சைவமும் ஆச்சு.

அக்கரையில் இறங்கினால் ஹோட்டல் கிடைக்கவில்லை. போன் என்னவோ வந்து சேர்ந்துவிட்டீர்கள் என்றுதான் சொன்னது. எத்தனை மாடி மேலே, எத்தனை மாடி கீழே என்று அதற்கும் தெரியவில்லை. படி ஏறினோம், இறங்கினோம், மறுபடி ஏறினோம். மதியம் தாண்டிவிட்டது. கடைசியாக இறங்கிய படிக்கட்டு பழைய குடியிருப்பு ஒன்றின் முற்றத்தில் கொண்டுபோய் விட்டது.

அங்கே பெரிய பந்தல். வட்ட மேஜைகள், நிறைய ஜனம், ஓரத்தில் அண்டா அண்டாவாக ஆவி. ஸ்பீக்கரில் பாட்டு. ஒரு பக்கம் சில பேர் கட்டைகளை உருட்டிச் சூதாடிக்கொண்டிருந்தார்கள். பந்தலைச் சுற்றிலும் ஆள் உயரக் காகிதப் பூ வளையங்கள், கண்ணைப் பறிக்கும் கலர்.

"அன்னதானம்பா!" என்று கூவினார் அண்ணன். "நம்ம அல்சூர்ல பல்லக்குத் திருவிழா அன்னைக்குப் பந்தல் போட்டுப் போடற மாதிரியே!"

நாங்கள் தடுப்பதற்குள் உள்ளே போய்விட்டார். வாசலில் நின்ற நடுத்தர வயதுப் பெண்ணிடம் வாயைக் காட்டி, வயிற்றைக் காட்டி, எங்கள் நாலு பேரையும் காட்டினார். அவள் ஒரு கணம் திகைத்தாள். பிறகு தலையசைத்துவிட்டு, அவர் கையில் ஒரு வெள்ளைத் துண்டைக் கொடுத்தாள்.

கர்நாடகமானாலும் தமிழ்நாடானாலும் நம் ஊரில் துண்டு கொடுத்தால் என்ன அர்த்தம்? மரியாதை! அண்ணன் அதைத் தோளில் போர்த்திக்கொண்டு, வெற்றி பெற்ற வேட்பாளர் மாதிரி எல்லா மேஜைகளையும் பார்த்துக் கும்பிட்டார். "யோகேஷ், ஒரு போட்டோ எடு" என்று வேறு சொன்னார். ஜனங்கள் பேச்சை நிறுத்திவிட்டு அவரையே பார்த்தார்கள்.

உட்கார்ந்தோம். மீன், பன்றி இறைச்சி, கீரை, வேர்க்கடலை, வெள்ளை வெளேரென்று டோஃபு. கீரையைக் கண்ட சித்ராவுக்குக் கண் கலங்கிவிட்டது. பாதிச் சாப்பாட்டில், நல்ல போட்டோவுக்கு இடம் தேடிய யோகேஷ் அப்படியே நின்றுவிட்டான்.

"அண்ணா, அந்தப் பூவுக்குப் பின்னாடி பாருங்க."

பார்த்தோம். ஒரு பாட்டியின் படம். கறுப்புச் சட்டம். முன்னால் ஊதுபத்தி.

சித்ராவின் வாயில் கீரை அப்படியே நின்றது. "ஐயோ, இது சாவு வீடுண்ணா!"

எழுந்து ஓடிவிடலாம் என்று நாற்காலியைத் தள்ளினேன். அண்ணன் என் தோளை அழுத்தினார். "உக்காருப்பா. பாதிப் பந்தில எந்திரிக்கறது தப்பு. சாவு வீட்டுல இன்னும் பெரிய தப்பு." சொல்லிக்கொண்டே, துக்கத்துக்கு வந்தவர்களுக்குக் கொடுக்கிற அந்தத் துண்டைத் தோளிலிருந்து எடுத்து மடித்து மடியில் வைத்துக்கொண்டார். அவர் முகம் வெட்கத்தில் கறுத்திருந்தது.

அதற்குள் வாசலில் நின்ற அந்தப் பெண் எங்களிடம் வந்தாள். இறந்தவரின் மகள் அவள். யோகேஷின் போன் அவள் பேசியதை மொழிபெயர்த்தது: எங்கள் அம்மாவை உங்களுக்கு எப்படித் தெரியும்?

யோகேஷ் போனோடு அண்ணன் பக்கம் திரும்பினான். "என்னண்ணா சொல்ல?"

"உள்ளதச் சொல்லு. தெரியாது, பசிச்சுது, தெரியாம வந்துட்டோம். மன்னிச்சுக்கங்கன்னு சொல்லு."

போன் சொன்னது. அவள் கேட்டாள். அண்ணனுடைய கிண்ணத்தை எடுத்தாள், பிடுங்கிக்கொள்கிறாள் என்றுதான் நினைத்தேன். அதில் இன்னொரு மீன் துண்டை வைத்துத் திருப்பிக் கொடுத்தாள்.

அண்ணன் சாப்பிடவில்லை. படத்துக்குப் பக்கத்தில், தொடாத சோற்றுக் கிண்ணத்தோடு தனியாக உட்கார்ந்திருந்த கிழவரையே பார்த்துக்கொண்டிருந்தார். வருகிறவர்கள் எல்லாம் குனிந்து கிண்ணத்தைக் காட்டி ஏதோ சொல்லிவிட்டுப் போனார்கள். "அது யாருன்னு கேளு" என்றார். அது எங்கள் அப்பா, நேற்றிலிருந்து சாப்பிடவில்லை என்று மகள் சொன்னதாகச் சொன்னது போன்.

அண்ணன் கிண்ணத்தோடு எழுந்தார். கிழவருக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். குச்சியை ஓரம் வைத்துவிட்டு, கையாலேயே ஒரு வாய் சாப்பிட்டார். கிழவர் அந்தக் கையைப் பார்த்தார். அண்ணன் சுத்தமான மர்பி டவுன் தமிழில் பேச ஆரம்பித்தார். மீன் நன்றாக இருக்கிறது, முள் ஜாஸ்தி, பார்த்துச் சாப்பிடணும், எங்கள் ஊரில் இதைப் புளி ஊற்றி வைப்போம். சீன மொழியில் பேசுவது போலவே அவ்வளவு சாவதானமாகப் பேசிக்கொண்டிருந்தார். சூதாட்டக் கட்டைகள் உருளும் சத்தம் நின்றுவிட்டது. கொஞ்ச நேரம் கழித்து அந்தக் கிழவர் குச்சியை எடுத்து ஒரு வாய் சோறு உண்டார். அப்புறம் இன்னொரு வாய். மகள் பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். எங்கள் மேஜையிலும் யாரும் யாரையும் பார்க்கவில்லை.

கிளம்பும்போது வேறொரு கூத்து. சாவு வீட்டில் 'போய்ட்டு வரேன்' சொல்லக்கூடாதே! "திரும்பிப் பாக்காம நடங்க" என்று அண்ணன் முன்னால் விரைந்தார். விருந்தாளிக்கு மிட்டாய் கொடுத்து அனுப்புவது அவர்கள் வழக்கம் போலிருக்கிறது, அந்தப் பெண் பின்னால் கூப்பிட்டுக்கொண்டே ஓடி வந்தாள். அவள் ஓட ஓட, அண்ணனும் ஓடினார். பாதிப் படியில் எட்டிப் பிடித்து அவர் சட்டைப் பையில் மிட்டாயைத் திணித்தாள். அப்போதும் அவர் திரும்பவில்லை. முதுகைக் காட்டியபடியே கும்பிட்டார்.

மேலே போய் மூச்சு வாங்கிக்கொண்டு உட்கார்ந்தார். கொஞ்சம் கழித்து, எங்களைப் பார்க்காமலே சொன்னார்:

"என் வீட்டுக்காரி போனப்ப தெருவே வந்துச்சுப்பா. எல்லாரும் சாப்பிடு, சாப்பிடுன்னாங்க. ஒருத்தரும் என்கூட உக்காந்து சாப்பிடல."

நாங்களும் அவர் பக்கத்தில் உட்கார்ந்தோம்.

மாதக் கடைசியில் அவர் ரிட்டயர் ஆனார். நாங்கள் ஓசூர் பக்கம் கண்ணாடிக் கட்டடத்துக்குப் போனோம். அங்கே ஒரு மணி ஆனால் அவரவர் திரைக்கு முன்னால் அவரவர் டப்பா. முதல் சனிக்கிழமை எனக்கு மனசு கேட்கவில்லை. பாவம், தனியாக எப்படி இருக்கிறாரோ என்று சித்ராவையும் யோகேஷையும் கூட்டிக்கொண்டு, பெரிய கேரியரில் பிரியாணியும் தயிர் சாதமும் கட்டிக்கொண்டு மர்பி டவுனுக்குப் போனேன்.

வீட்டில் கால் வைக்க இடமில்லை. கேஸ் சிலிண்டர் போடுகிறவர், எதிர்வீட்டு டீச்சர், சர்ச்சில் ஆர்கன் வாசிப்பவர், மீட்டர் பார்க்க வந்து மாட்டிக்கொண்ட ஒரு கரண்ட் ஆபீஸ்காரர். நடுவில் குழம்புக் கரண்டியோடு அண்ணன்.

"வாங்க, வாங்க! ஊட்டா ஆச்சா? எடமில்லையே... படியில உக்காருங்கப்பா, தட்டு கொண்டாரேன்."

அவருக்குத் துணையாக இருக்கப் போனவர்கள் வெளியே படிக்கட்டில் வரிசையாக உட்கார்ந்தோம். ஓசூர் பக்கம் போன பிறகு அன்றுதான் எனக்குச் சோறு ருசித்தது. அவரை எனக்கு எவ்வளவு பிடிக்கும் என்று நேரில் ஒருநாளும் சொன்னதில்லை. சனிக்கிழமை ஆனால் போய்ப் படியில் உட்கார்ந்துகொள்கிறேன்.